தையல்காரரின் மூக்குக்கண்ணாடி

அந்தப் பெண் கைக்குட்டையை விரித்தபோது உள்ளே கம்மலோ மோதிரமோ இருக்கும் என்றுதான் நினைத்தேன். இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கண்ணாடி. ஃபிரேம் இல்லை. தடிமனான, பழைய நாள் கண்ணாடி. அதன் ஓரத்தில் விரல் பட்ட மங்கல் இருந்தது.

"எங்கப்பாவோடது, அக்கா. இத வெள்ளில கட்டி டாலரா செஞ்சு தருவீங்களா?" என்றாள்.

வால்பாறையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா எஸ்டேட் கடைவீதியில் தையல்காரராம். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து, ஒரு வாரம் படுக்கையில் கிடந்து போய்விட்டார். விழுந்தபோது ஒரு பக்கத்துக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. மிஞ்சியது இது ஒன்றுதான். அவருடைய தையல் மிஷினில் இப்போது இவள்தான் தைக்கிறாள். மூன்று வாரத்தில் எஸ்டேட் சர்ச்சில் இவளுக்குக் கல்யாணம்.

"கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக அப்பா இல்ல. இதாவது கழுத்துல இருக்கட்டும்னு," என்றாள். அழவில்லை. துணி அளவு சொல்வதுபோல் சொன்னாள்.

நான் கண்ணாடியைத் தொடவில்லை. என் கணவரைப் பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, கைக்குட்டையோடு சேர்த்தே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செய்யலாமுங்க," என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ரத்தினபுரியில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்னறைதான் பட்டறை. ஜன்னல் பக்கம் அவருடைய வெள்ளி வேலை, சுவர் ஓரம் என்னுடைய கண்ணாடி வேலை. அவருடைய வீட்டில் எல்லோரும் கொலுசு செய்கிறவர்கள். ஒரே அச்சில் ஆயிரம் கொலுசு செய்வது அலுத்துப்போய்த் தனியாக வந்தவர். நான் கல்யாணத்துக்கு முன்பு பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் இருந்தேன். காலேஜ் லேப்களுக்கான கண்ணாடிக் குழாய்களை நெருப்பில் வளைத்து, ஊதி, ஒட்டித் தருகிற வேலை. ஆறு வருடத்தில் கண்ணாடி எந்தச் சூட்டில் இளகும், எந்தச் சூட்டில் கோபித்துக்கொள்ளும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்திருந்தேன். கண்ணாடி மணிகளை நான் செய்வேன், அவற்றுக்கு வெள்ளிக் கூடும் கொக்கியும் அவர் செய்வார். கண்காட்சிகளில் மேஜை போடுவோம். அப்படி ஒரு கண்காட்சியில் எங்கள் விலாச அட்டையை யாரோ வாங்கிப்போய் இவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடியை முட்டை வடிவத்துக்குத் தேய்த்துச் சிறிதாக்கியது நான். தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். அதன்பின் அவர் மெல்லிய வெள்ளித் தகட்டில் விளிம்பு கட்டி, தலையில் சங்கிலி கோக்க ஒரு வளையம் பற்றவைத்து, கண்ணாடியை உள்ளே உட்காரவைத்து, விளிம்பை நகத்தளவு மடித்து அழுத்தினார். அழுத்தும்போது அவர் மூச்சுக்கூட விடவில்லை. முடிந்ததும் டாலரை என் உள்ளங்கையில் வைத்து, "பாரு அம்மணி," என்றார். உள்ளங்கைக் கோடுகள் பெரிது பெரிதாகத் தெரிந்தன.

அது ஒரு திங்கட்கிழமை காலை. புதன்கிழமை அவள் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம்.

அவர் வெள்ளிக் கம்பி வாங்க டவுனுக்குப் போன பிறகு நான் டாலரை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். வளையம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. கழுத்தில் போட்டால் டாலர் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லியிருக்கலாம். அவர் விளிம்பைப் பிரித்து, கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, வளையத்தைத் திருத்தி, மறுபடி கட்டியிருப்பார். அரை நாள் வேலை. எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். நெருப்பு என் கையில் இருக்கிறது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவர் எதற்கு என்ற எண்ணம். ஈரப் பஞ்சைக் கண்ணாடியைச் சுற்றிப் பொதிந்தேன். வளையத்தில் மட்டும் படும்படி ஊசி முனை அளவு நெருப்பைக் காட்டினேன். வளையம் இளகியது. இடுக்கியால் நேராக்கினேன்.

பஞ்சுக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

பஞ்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பர்னரை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பஞ்சு ஆறிய பிறகு பிரித்தால், கண்ணாடி மூன்று துண்டாகியிருந்தது. ஒன்று பெரியது, இரண்டு சிறியவை. வெள்ளி விளிம்பு பிடித்திருந்ததால் மட்டும் கீழே விழாமல் நின்றன.

விளிம்பைப் பிரித்து மூன்று துண்டுகளையும் ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகினேன். வெறும் வெள்ளிக் கூட்டைச் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குள் புதைத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு காந்திபுரத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். டவுனுக்குப் போனவர் எதிரே வந்துவிடுவாரோ என்று ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டாமலே உட்கார்ந்திருந்தேன்.

காந்திபுரத்தில் லாட்ஜ்களுக்கு நடுவே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் பெரிய துண்டை எடுத்துத் தன் மிஷினில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பவர்ல தரலாமுங்க. ஆனா இப்பெல்லாம் பிளாஸ்டிக்தான் எல்லாரும் போடறாங்க. எடை இருக்காது, உடையாது."

"கண்ணாடிலயே வேணுமுங்க. இதே தடிமனா."

"யாருக்குங்க?"

"எங்கப்பாவுக்குங்க," என்றேன்.

என் அப்பா அப்போது பல்லடம் பக்கம் தோட்டத்தில் நல்லபடியாகத்தான் இருந்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடியே கிடையாது. நான் முட்டை வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, இந்த அளவுக்குத் தேய்த்துத் தரவேண்டும் என்றதும், கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்தார். இந்த வடிவத்தில் ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வாங்க," என்றார்.

அன்று இரவு என் கணவர் கேட்டார்: "டாலர் எங்க அம்மணி? இன்னொருக்கா மெருகு போட்டுடலாம்."

"தொடச்சு எடுத்து வெச்சுட்டனுங்க. சும்மா சும்மா தொட்டா கோடு விழுந்துரும்," என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வார்த்தையைச் சந்தேகப்பட அவருக்குக் காரணமே இருந்ததில்லை. மறுநாள் முழுக்க நான் ஒரு மணிகூட உருப்படியாகச் செய்யவில்லை. சாயங்காலம், கூடப் படித்தவளுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய்க் கண்ணாடியை வாங்கி வந்தேன். மூன்றாவது பொய்யோ நான்காவதோ.

புதன்கிழமை விடிந்ததும் அவர் இரண்டு குடங்களோடு தெருக்குழாய்க்குக் கிளம்பினார். சிறுவாணித் தண்ணீர் வரும் நாள். வரிசை நின்று திரும்ப அரை மணி நேரமாவது ஆகும். நான் பருப்பு டப்பாவைக் கவிழ்த்தேன். புதுக் கண்ணாடி கூட்டுக்குள் சரியாக உட்கார்ந்தது. அவருடைய மடிப்புக் கருவியை எடுத்து விளிம்பை மடித்து அழுத்தத் தொடங்கினேன். அவர் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேனே தவிர, நான் செய்ததில்லை. கருவி ஒருமுறை வழுக்கி என் கட்டை விரலைக் கிழித்தது. வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே அழுத்தினேன். தெருவில் குடங்கள் மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றது. கடைசி மடிப்பை அழுத்திக் கருவியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் குடத்தோடு வாசலில்.

"கைல என்ன ரத்தம்?"

"அரிவாமனை பட்டுருச்சுங்க."

பத்து மணிக்கு அவள் வந்தாள். மஞ்சள் பை, கூந்தலில் பஸ் பயணத்துத் தூசி. நான் டாலரை வெல்வெட் துணியில் வைத்துக் கொடுத்தேன். அவள் சட்டென்று எடுக்கவில்லை. கையைத் தாவணி முனையில் துடைத்துக்கொண்டு பிறகு எடுத்தாள். எங்கள் சுவரில் தொங்கிய நாள்காட்டிக்கு அருகே போய், டாலரைக் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே பிடித்து, அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"அப்பாவுக்கு இப்படித்தான் தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

அது பொய்யில்லையே என்று என் மனம் கணக்குப் போட்டது. அதே பவர். அதே தடிமன். அவர் பார்த்ததைத்தான் இவளும் பார்க்கிறாள். சும்மா இருந்துவிட்டால் இவள் சந்தோஷமாகப் போவாள். எனக்கு மட்டும்தானே தெரியும், என்னோடு போகட்டும்.

அப்போது என் கணவர் தம் ஸ்டூலிலிருந்து சொன்னார்: "பயப்படாமப் போட்டுக்கங்க அம்மணி. உங்கப்பா கண்ணாடில ஒரு கோடு விழாமக் கட்டியிருக்கறனுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் அவ்வளவு லேசில் அப்படி ஒரு வார்த்தை கொடுக்கிறவர் இல்லை. வெள்ளியின் தரம் கேட்டால்கூட, உரசிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறவர். இப்போது அவரையும் நான் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அவருக்குத் தெரியாமலே.

"அது உங்கப்பாவோடது இல்லம்மா," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் உடைச்சுப்போட்டேன். திங்கக்கிழமை. இது காந்திபுரத்துக் கடைல வாங்குனது." இடுப்பிலிருந்து காகித மடிப்பை எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்று நாளாக அதை உடம்பை விட்டு எடுக்காமல் வைத்திருந்ததால் காகிதம் வேர்வையில் நைந்திருந்தது.

அவள் மடிப்பைப் பிரித்தாள். ஒவ்வொரு துண்டாகத் தொட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகிப்போயிற்று.

"ஏன்க்கா சொன்னீங்க? உடைச்சீங்க சரி. மாத்தி வெச்சீங்க சரி. அப்புறம் எதுக்குச் சொன்னீங்க? நான் தெரியாமலே போட்டுட்டுப் போயிருப்பனே. இனி நான் எதப் போடறது?"

என் பாரத்தை இறக்கிவைக்க அவள் தோளைத்தான் பிடித்தேன் என்று அந்த நிமிஷம் புரிந்தது.

என் கணவர் எழுந்து வந்தார். டாலரை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், விளிம்பைக் கத்தியால் நெம்பிப் பிரித்தார். நான் கட்டியதை அவர் பிரிக்கும்போதுதான் எவ்வளவு மோசமாகக் கட்டியிருக்கிறேன் என்று தெரிந்தது. புதுக் கண்ணாடி அவர் கையில் வந்து விழுந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, கோணல்மாணலான வெள்ளிக் கூட்டை அவள் முன் வைத்தார்.

"இனி நீங்க சொல்றதுதானுங்க," என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. "இந்தத் துண்டுகள உருக்கி ஒரு மணியாப் பண்ணலாம்," என்றேன். "வேற கண்ணாடி எதும் சேக்காம. பவரெல்லாம் போயிரும். அது வழியா ஒண்ணும் பாக்க முடியாது. ஆனா கண்ணாடி அதேதான்."

"உருக்கறப்ப உடையாதா?"

"உடையலாம்மா. நிச்சயமா சொல்ல முடியாது."

அவள் பெரிய துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "பண்ணுங்க. நான் இங்கயே உக்காந்து பாக்கறேன்," என்றாள்.

மின்சார அடுப்பில் இரும்புத் தகட்டை வைத்து, அதன்மேல் துண்டுகளைப் பரப்பி, மெதுவாகச் சூடேற விட்டேன். குளிர்ந்த கண்ணாடியை நேராக நெருப்பில் காட்டினால் தெறித்துவிடும். பழைய சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்றில் களிமண் குழம்பு பூசிக் காயவைத்தேன். அதில் சுற்றினால்தான் மணியைப் பிறகு உருவி எடுக்க முடியும். ஒரு சட்டியில் சாம்பலைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினேன். இவையெல்லாம் தினமும் செய்கிற வேலைகள். அன்றைக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பர்னரைப் பற்றவைத்துத் துருத்தியை மிதித்தேன். சிறிய துண்டு ஒன்றை இடுக்கியில் எடுத்து, நெருப்புக்கு ஒரு ஜாண் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுபோனேன். நெருப்பின் ஓரத்தைத் தொட்டதும் ‘படக்’ என்று தெறித்து, பொடியாகிச் சுவரில் அடித்தது. அவள் எழுந்துவிட்டாள். நான் துருத்தியை நிறுத்தினேன்.

"நிறுத்தாத," என்றார் என் கணவர். பத்து மணியிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "தகடு சூடு பத்தல. இன்னுங் கொஞ்சம் ஏத்து." வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, துருத்தியைத் தன் காலுக்கு இழுத்துக்கொண்டார். நான் இரண்டு கையையும் கண்ணாடிக்குக் கொடுக்க முடிந்தது.

கால் மணி நேரம் தகட்டைச் சூடேற்றினேன். இரண்டாவது சிறிய துண்டு தெறிக்கவில்லை. விளிம்பு வட்டமாகி, சிவந்து, தேன்போல் தொங்கியது. கம்பியைச் சுழற்றி அதில் சுற்றிக்கொண்டேன். பெரிய துண்டை எடுத்தபோது அறையில் துருத்திக் காற்றின் சத்தம் மட்டும்தான். அது நெருப்புக்குள் போனது. நின்றது. ஓரம் இளகியது. அவள் தன் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். மொத்தமும் கம்பியில் சேர்ந்து ஒரு சுண்டைக்காய் அளவுக்கு உருண்டது. சிவப்பு மங்கும்வரை நெருப்பின் ஓரத்தில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கம்பியோடு சாம்பலுக்குள் செருகினேன்.

"சாயங்காலம் வரைக்கும் தொடக்கூடாது. அவசரப்பட்டா உள்ளயே விரிசல் விட்டுரும்," என்றேன்.

அவளுக்கு நாலரைக்குள் கிளம்பினால்தான் மலைக்குப் போகும் கடைசி பஸ் கிடைக்கும். சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். என் கணவர் புதிதாக ஒரு வெள்ளிக் கம்பியை இழுத்து, மணியின் துளையில் நுழைய ஒரு தண்டும், மேலே வளையமும் செய்துகொண்டிருந்தார். வளையத்தை நூலில் தொங்கவிட்டு நேராக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பலுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சத்தம் வந்தால்கூட வெளியே கேட்காது.

நாலு மணிக்குத் திறந்தேன். கம்பியை உருவி, களிமண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கழுவினேன். மணி முழுசாக இருந்தது. லேசான பச்சை நிறம். நடுவில் ஒரு காற்றுக் குமிழி. ஒரு பக்கம் புகை ஏறிய சாம்பல் கோடு. ஒரு கண்காட்சி மேஜையில் அதை நான் வைத்திருக்க மாட்டேன்.

அவள் விரலிடுக்கில் வைத்து உருட்டினாள். "அழகா இல்லக்கா," என்றாள்.

"இல்லம்மா."

"ஆனா இது அதேதான?"

"அதேதான்."

என் கணவர் தண்டைக் கோத்து, முனையைச் சுருட்டி, அவள் கொண்டுவந்திருந்த சங்கிலியில் மாட்டினார். அவள் கழுத்தில் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பழைய கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனார்.

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நான் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பஸ் கெடச்சுதுங்களா?"

"கெடச்சுது." செருப்பைக் கழற்றினார். "வழில ஒண்ணும் பேசல. படில ஏறறப்ப, 'அக்காவத் திட்டாதீங்க'ன்னு சொல்லுச்சு. ஏறுனப்புறம் ஜன்னல்ல எட்டிப் பாத்து, 'ஆனா எனக்கு இன்னும் கோவம் போகலன்னு சொல்லிருங்க'ன்னு சொல்லுச்சு."

நான் தலையாட்டினேன்.

"எனக்கும் போகல," என்றார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல அம்மணி? நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுபோடுவேன்?"

அதற்குப் பிறகு அவர் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். நான் செய்துவைத்த மணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். முன்பெல்லாம் பார்க்காமல் எடுப்பார். அது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. ஆனால் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். இருவருமே வேலை செய்யவில்லை. பதினோரு மணி இருக்கும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இந்நேரம் சர்ச்சுக்குப் போயிருப்பாங்க," என்றார்.

"மழை இல்லாம இருக்கணுமுங்க. மேல எப்பவும் மழைதான."

"ம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "அது தாங்குமா?" என்று கேட்டார்.

மணியைத்தான் கேட்டார். துண்டு துண்டாக உருக்கிச் சேர்த்த கண்ணாடி, உள்ளே இறுக்கம் இருந்தால், ஒரு மாதம் கழித்தும் விரியலாம், ஒரு வருடம் கழித்து யாரும் தொடாமலேகூட விரியலாம் என்று அவருக்கும் தெரியும்.

"தெரியலைங்க," என்றேன்.

இந்த முறை உள்ளதைச் சொன்னதற்காகவோ என்னவோ, அவர் எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டு வந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி அதன்பின் எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. வால்பாறை என்று போர்டு போட்ட பஸ்ஸை எங்கே பார்த்தாலும், அதற்குப் பல வருடம் கழித்தும், என் கண் முதலில் ஜன்னலோரம் இருக்கும் பெண்களின் கழுத்துக்குத்தான் போகும்.